எட்டாம் நம்பர் காத்தாடி

என் தாய்மாமாவிடம் ‘இது உன்னால் ஆகாது’ என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்ன கையோடு அதற்குச் சாமான் வாங்கக் கிளம்பிவிடுவார். கடலே இல்லாத மதுரையில் அவர் மோட்டார் படகு விடக் கிளம்பியதும் அப்படித்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் மழை கொட்டித் தீர்த்து, கே.கே. நகரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த கண்மாய் தளும்பி நின்றது. “சனங்க கரையில நின்னு வெறுமனே வேடிக்கை பாக்குது. ஏத்தி ஒரு சுத்து சுத்திக் காட்டுனா என்னக்கா?” என்று என் அம்மாவிடம் கேட்டார். அம்மா, உன்னால் ஆகாது என்றாள். மறுவாரம் மாமா நூற்பாலை வேலையை விட்டுவிட்டார்.

இரண்டு வரிசையாக இரும்புப் பீப்பாய்களைக் கோத்து, மேலே பலகை அடித்து, தகரக் கூரை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திருகி வைத்தார். மிதவைப் படகு என்று அவர் சொல்லிக்கொண்டார். தெருவில் எல்லாருக்கும் அது ‘டிரம்மு’தான். என் அப்பா மட்டும், “ஏன் மாப்ள, தரையில செய்யிற தொழில் ஒண்ணும் அகப்படலையா?” என்று கேட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

கண்மாய்க்குப் பொறுப்பான அதிகாரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஓட்டுகிறவர் போகப் பன்னிரண்டு பேரை ஏற்றி, அக்கரைக்குப் போய், நிற்காமல் திரும்பிக் காட்ட வேண்டும். நடுவில் நின்றால், பெடல் படகு விடக் கேட்டிருந்த இன்னொருவருக்கு அனுமதி போய்விடும். இருந்த வேலையையும் விட்டுவிட்டு நின்ற மாமாவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மோட்டாரைத் தூத்துக்குடியில் பழசாகப் பிடித்து வந்தார். கூடவே இரண்டு காத்தாடிகள். தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் அந்தச் சாமானை மீன்பிடிக்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். ஒன்று பளபளவென்று எவர்சில்வர் மாதிரி இருந்தது. அதில் பன்னிரண்டு என்று பொறித்திருந்தது. இன்னொன்று சாயம் உரிந்த சாம்பல் நிறம், நம்பர் எட்டு. ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் படகு முன்னால் போகும் என்பதற்கான கணக்கு அது என்று மாமா விளக்கினார். பன்னிரண்டு பெரிதா, எட்டு பெரிதா? பத்து வயதில் எனக்கே தெரியும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது!

முதல் நாள் மாமாவும் நானும் மட்டும் ஏறினோம். பன்னிரண்டைப் போட்டதும் அந்த டிரம்மு பறந்தது. கொக்குகள் மிரண்டு எழுந்தன. எட்டைப் போட்டபோது மோட்டார் காது கிழியக் கத்தியது. படகோ ஆடி அசைந்து வந்தது. “இந்தச் சனியன எடைக்குப் போட்ருவோம் மாமா” என்றேன். மாமா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நாங்கள் ஒரு கட்சி.

மறுநாள் அம்மா வந்தாள். வீட்டு முன்பக்கத்தில் மாவு மில் நடத்துகிறவள். தலைமுடியில் எப்போதும் மாவு படிந்திருக்கும். வந்தவள் சும்மா வரவில்லை. பன்னிரண்டு ஆள் எடைக்கு மணல் மூட்டை கட்டி, தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். “ரெண்டு பேரு போனா எருமை மாடுகூட இழுத்துட்டுப் போகும். பாரத்தை ஏத்திட்டு ஓட்டிக் காட்டுடா.”

ஏற்றினோம். பன்னிரண்டாம் நம்பர் பாதிக் கண்மாய் போவதற்குள் புகை கக்கியது. மோட்டார் ஊமை மாதிரி உள்ளுக்குள்ளேயே உறுமியது. கரையில் நின்ற அம்மா இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தச் சொன்னாள். “முக்குதுடா! மில்லுல ஈர அரிசிய அள்ளிப் போட்டா இப்படித்தான் முக்கும். அதால சுத்த முடியல. இன்னும் கொஞ்சம் விட்டா மோட்டாரு வெந்துரும். அந்த எட்ட மாட்டு.”

மாட்டுவாரா? மூன்று நாள் மாட்டவில்லை. தகரக் கூரையைக் கழற்றிப் பார்த்தார். நாற்காலிகளைக் கழற்றினார். மோட்டாரை இரண்டு விரல் உயர்த்தினார், பிறகு ஒரு விரல் இறக்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கை ஊறிப்போய்த் திருகிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு முக்கிக்கொண்டேதான் இருந்தது. நான்காம் நாள் சாயங்காலம் எட்டை மாட்டி, அத்தனை மூட்டையோடும் கிளப்பினார். மோட்டார் தெளிவாகப் பேசியது. படகு வேகமெடுக்கவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. மாமா அம்மாவைப் பார்த்து, “சரிக்கா” என்றார். கட்சி மாறிய துரோகத்துக்காக நான் இரண்டு பேரிடமும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதிகாரி குடையோடு வந்தார். நல்ல காற்று, தண்ணீர் அலையடித்தது. அக்கம்பக்கத்து ஆட்கள், அம்மா, நான் எல்லாருமாக ஏறி உட்கார்ந்தோம். எண்ணினால் பதினொன்று. வருவதாகச் சொன்ன பலசரக்குக் கடை அண்ணன் பீப்பாய்களை ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, “கடைய அடைக்காம வந்துட்டேன், இந்தா வாரேன்” என்று போனவர்தான்.

“ஒரு ஆளுக்கு மணல் மூட்டைய வச்சுக்கிறலாமா சார்?” என்று மாமா கேட்டார்.

“மூட்டை பயந்து எந்திரிச்சு நிக்காதுங்க, மனுசன் நிப்பான். ஆளத்தான் ஏத்தணும். எனக்கு வேற வேலை இருக்கு” என்று அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

காலைப் பலகாரத்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்த அப்பா, கரைமேல் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாமா அவரைப் பார்த்து, “மச்சான்...” என்று ஆரம்பித்தார். “அவரைக் கேக்காத!” என்று அம்மா வெடுக்கென்று வெட்டினாள். எனக்கு அம்மாமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டால் என்ன, அப்பா என்ன வேற்றாளா?

அப்பா செருப்பைக் கழற்றினார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்தார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை வாங்கி, பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டைக்குமேல் மாட்டிக்கொண்டார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

படகு கிளம்பியது. மெதுவாக என்றால் அப்படி ஒரு மெதுவு. கரையில் நடந்து போன ஒரு ஆடு எங்களை முந்தியது. “அந்தப் பளபளப்பு காத்தாடியப் போட்ருந்தா இந்நேரம் போய்ட்டு வந்துருக்கலாம்ல மாமா!” என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. எதிரில் இருந்த நாற்காலியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது எதிர்காற்று அடித்தது, அலை பலகைமேல் ஏறியது. மோட்டார் முக்கவே இல்லை. ஒரே சீராகத் தள்ளிக்கொண்டு வந்து கரை சேர்த்தது. அதிகாரி தலையை ஆட்டினார். மாமா தண்ணீரில் குதித்துவிட்டார். அழுதாரா, முகத்தில் தண்ணீரா என்று சொல்ல முடியவில்லை.

அந்தக் கும்மாளத்தில் அப்பா இல்லை. இறங்கின வேகத்தில் கருவேல மரங்களுக்குப் பின்னால் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார். “நல்லா ஓட்டுன மாப்ள” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

இராமேஸ்வரம் போனால் நாங்கள் எல்லாரும் கடலில் முங்கி எழும்போது அப்பா மட்டும் துணிமணிக்குக் காவல் இருப்பார் என்பதையும், தீர்த்தத்தை வாளியில் வாங்கித்தான் தலையில் ஊற்றிக்கொள்வார் என்பதையும், கணுக்காலுக்கு மேல் தண்ணீர் பட்டால் அவருக்கு மூச்சு முட்டும் என்பதையும் நான் சேர்த்துப் பார்த்தது என் பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பிய காலத்தில். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் என் கை வலித்தது என்பதுதான்.

மத்தியானம் அம்மாவிடம் போய், “எம்புட்டு இறுக்கிப் பிடிச்சிருக்காரு பாரு உன் வீட்டுக்காரரு! மாமாவுக்கு ஒரு கைகூடத் தட்டல” என்று மணிக்கட்டை நீட்டினேன். நாலு விரலும் கன்றிப் பதிந்திருந்தன. அம்மா தேங்காய் எண்ணெயைத் தொட்டு, அந்த நாலு தடத்தையும் ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு எண்ணெய் இல்லாமலே இன்னொரு தரம் தடவினாள். எனக்கு வலிக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.