கொப்பரையில் போன வாத்தியார்

மறுநாள் காலை பத்து மணிக்குள் மலையடிப் பள்ளியில் சேராவிட்டால், பிலவேந்திரனின் ஆசிரியர் பணி ஆணை செல்லாது. ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஆணை அது. ஆனால், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் வெட்டிச் சாய்க்கப்பட்ட புளியமரங்கள் சாலையெங்கும் கிடந்தன. வடக்கனந்தலுக்கு அப்பால் பேருந்து ஓடவில்லை. சுற்றி நடந்தால் ஒரு பகலும் போதாது.

"ஏரியில போயிடலாம் வாத்தியாரே," என்றான் நண்பன் வீரமுத்து. அக்கரையில் இரவு தங்கி, விடிந்ததும் ஒற்றையடிப் பாதையில் ஏறுவதென்று முடிவாயிற்று. படகாக அவன் வண்டியில் ஏற்றி வந்தது, வெல்லம் காய்ச்சும் தன் கொப்பரையை.

வட்டக் கொப்பரை துடுப்பு பட்டபோதெல்லாம் சுழன்றது. வீரமுத்துவோ இரவுக்கு வைக்கப்போகும் கருவாட்டுக் குழம்பைப் பற்றியே பேசினான்.

"நேரா வலிக்க மாட்டியாடா?"

"பாகு கிண்டறவன படகு வுடச் சொன்னா இப்டித்தான். கம்முனு குந்திகினு வா."

இருட்டும் நேரத்தில் கரை தட்டியது. சோறாக்கித் தின்று படுத்தார்கள். விடிந்து பார்த்தால், மலை தண்ணீருக்கு அப்பாலேயே நின்றது. புறப்பட்ட கரையிலேயே இறங்கியிருந்தார்கள்.

"இன்னா, மலை நவுந்துகிச்சா?" என்றான் வீரமுத்து.

வாயைத் திறந்தால் நட்பு முறிந்துவிடும் என்று அஞ்சிய பிலவேந்திரன், துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு முன்விளிம்பில் மண்டியிட்டான். தண்ணீரைத் தன் பக்கமாக இழுக்க இழுக்க, கொப்பரை ஒருவாறு நேராகச் சென்றது.

பத்து மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில், முழங்கால்வரை சேற்றோடு பள்ளியில் நின்றான். தலைமையாசிரியர் பதிவேட்டை நீட்டியபடி, வாசலில் நின்ற வீரமுத்துவைப் பார்த்து, "கூட வந்தவர் யாருங்க?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க ஐயா," என்று சொல்லிவிட்டுக் கையொப்பமிட்டான் பிலவேந்திரன்.