தேரையின் இரத்தத்தில் விமலா பார்த்தது

மழை விட்ட ஒரு காலையில், வில்லியனூரில் பஸ்சுக்குக் காத்திருந்தபோது அந்தப் போன் வந்தது. விமலாவின் தம்பி பேசினான். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க." பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அவளை அறிந்த நீங்கள் ஆளுக்கொரு விமலாவை வைத்திருப்பீர்கள். நான் கல்லூரி விலங்கியல் துறையில் அவளோடு வேலை பார்த்தவள். என்னுடைய விமலா பாகூர் ஏரிக்கரையின் ஈரப்புல்லில் மண்டியிட்டு, தேரையைக் குழந்தைபோல ஏந்தி, ஒரே ஒரு சொட்டு இரத்தம் எடுப்பவள். பிடித்த இடத்திலேயே அதைத் திரும்ப விடுபவள்.

அந்தச் சொட்டைக் கண்ணாடித் தகட்டில் மெல்லத் தேய்த்து, உலர்த்தி, சாயம் ஏற்றுவோம். சாயம் ஊறும்வரை ஜன்னலோரம் நின்று எதையோ முணுமுணுத்துப் பாடுவாள். பிறகு நுண்ணோக்கியில் இளஞ்சிவப்பு அணுக்கள் மிதக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா நிற உட்கரு. ஒருநாள் ஓர் அணுவில் உட்கரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. அதன் இடத்தில் வளைந்த ஒன்று, உறங்குவதுபோல. "பாருடி, வூட்டுக்காரனத் தள்ளிட்டு விருந்தாளி படுத்திருக்கான்" என்றாள். அந்த ஒட்டுண்ணியின் பெயரை எழுதப்போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொசு உடம்புல இது எப்படி வளருதுன்னு பார்க்காம பேரு வைக்காத."

கரையாம்புத்தூரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்ட வாரம், தேரை இரத்தத்தில் ஒட்டுண்ணி என்று நாங்கள் சொன்னது ஊருக்குள் தேரையால்தான் காய்ச்சல் என்று பரவிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அஞ்சலை என்ற பெண் சுண்ணாம்பு கொட்டிக் கொல்வதற்காகச் சாக்கு நிறையத் தேரைகளைப் பிடித்து வைத்திருந்தாள். விமலா கோபப்படவில்லை. நுண்ணோக்கியை எடுத்து வைத்து அவளைப் பார்க்கச் சொன்னாள்.

"இன்னாம்மா, இது எங்க புள்ளைங்களுக்கு வராதா?"

"வராதுக்கா. நம்ம உடம்புல இது பொழைக்காது. கொசு தேரையோட ரத்தத்தக் குடிக்குது. கொசுவுக்குள்ள இது வளருது. அந்தக் கொசுவ இன்னொரு தேரை முழுங்கினா அதுக்கும் வந்துடுது."

அஞ்சலை சாக்கைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப, நம்மள கடிக்க வர்ற கொசுவத் தின்னுதான் இதுக்கு இந்தக் கஷ்டமா?"

"அப்படின்னும் வச்சுக்கலாம்."

அஞ்சலையே சாக்கைத் தூக்கிப்போய்க் கரும்புக்கொல்லை வாய்க்காலோரம் அவிழ்த்தாள். தேரைகள் ஒன்றன்பின் ஒன்றாக, கனவிலிருந்து எழுந்தவைபோல, பச்சைக்குள் போயின. கடைசித் தேரை போகும்வரை விமலா அங்கேயே நின்றாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு நடை. அந்தி சாயும்போது வெளியே போனால் தரையைப் பார்த்துத்தான் அடி வைக்கிறேன். குறுக்கே ஒரு தேரை வந்தால் நின்றுவிடுகிறேன். அது தன் போக்கில் கடந்து போகட்டும். எனக்கு அவசரமில்லை.