அண்ணியின் ஈஸ்டர் குழம்பு

எங்கள் வீட்டு உப்பு ஜாடி வெள்ளைப் பீங்கான். பாதிக்கு மேலே காப்பிக் கலரில் பூசியிருக்கும். உள்ளே கொட்டாங்கச்சியில் செய்த ஒரு சின்ன அகப்பை எப்போதும் கிடக்கும். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த ஜாடி என்று சொல்வார்கள். அதன் மூடியில் ஓரமாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பெயர்த்தவள் நான், ஐந்து வயதில். அம்மா அதற்காக அடிக்கவில்லை. மூடியின் உடைந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, "வர்றவங்க கண்ணுல படக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அம்மா எப்போது உப்பு எடுத்தாலும் மூடியை அப்படித்தான் வைப்பார். அவர் போன பிறகு நானும் அப்படியே வைத்தேன். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அந்த மூடி உடைந்திருப்பதே தெரியாது என்று நினைக்கிறேன்.

அம்மா போனபோது எனக்குப் பதினேழு வயது. திண்டிவனத்தில் இரண்டு அறைகளும் ஒரு கூடமும் கொண்ட வீடு. அப்பா அரிசி மில்லில் மெக்கானிக். அண்ணனுக்கு விழுப்புரத்தில் ஒரு அச்சகத்தில் வேலை, தினமும் ரயிலில் போய் வருவார். அந்த ரயிலில்தான் அண்ணியைப் பார்த்திருக்கிறார். அண்ணிக்கு ஊர் கோலியனூர் பக்கம், சொந்தமாக நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். நாங்கள் கத்தோலிக்கர், அவர்கள் மாரியம்மன் கோயில்காரர்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா "போ" என்றும் சொல்லவில்லை, "வா" என்றும் சொல்லவில்லை. எழுந்து மில்லுக்குப் போய்விட்டார், அன்றைக்கு அவருக்கு ஷிஃப்டே கிடையாது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அந்த வீட்டில் இரண்டு உலை வைத்தோம். அப்பா அண்ணி சமைத்ததைத் தொடமாட்டார். அவருக்கும் எனக்கும் நான் ஒரு சின்னப் பானையில் சோறு வடிப்பேன். அண்ணி தனக்கும் அண்ணனுக்கும் தனியாகப் பொங்குவார். ஒரே அடுப்படியில் ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் நிற்போம். அண்ணி என்னைப் "பாப்பா" என்று கூப்பிடுவார். நான் பதில் சொல்வேன், ஆனால் நானாக ஒரு வார்த்தை பேசமாட்டேன். அப்பாவின் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் உண்மை அதுவல்ல. இரண்டு வருஷமாக என் கையில் இருந்த சமையலறைக்குள் வேறொருத்தி வந்துவிட்டாள் என்ற கடுப்புதான். அந்தச் சின்னப் பானையாவது என்னிடம் இருக்கட்டும் என்று அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்குப் பொறுமை தீர்ந்துபோனது. விழுப்புரத்தில் ஒரு வீடு பார்த்து வைத்துவிட்டார். அண்ணிதான் தடுத்தார். ஈஸ்டர் முடியட்டும், அன்றைக்கு மாமா நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டால் இங்கேயே இருப்போம், இல்லாவிட்டால் திங்கட்கிழமை மூட்டை கட்டிவிடலாம் என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர் ஈஸ்டரைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் இருந்தது. தவக்காலம் நாற்பது நாளும் அப்பா கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார், நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பார். ஈஸ்டர் காலையில் பூசைக்குப் போய், நன்மை என்று நாங்கள் சொல்கிற நற்கருணை அப்பத்தை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது, எங்களுக்கும் அதே சட்டம். பூசை முடிந்து வந்து ஒன்பதரை, பத்து மணிக்குச் சாப்பிடுகிற சாப்பாடுதான் எங்கள் வீட்டில் வருஷத்தின் பெரிய சாப்பாடு. ஆப்பமும் முட்டைக் குழம்பும். அவித்த முட்டையைப் போடுகிற குழம்பு அல்ல. வெங்காயம், தக்காளி, தேங்காய் எல்லாம் சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கிற குழம்பை அகலமான சட்டியில் இறக்கி வைத்திருப்பார்கள். எல்லோரும் கோயிலிலிருந்து வந்து உட்கார்ந்த பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றி, தலைக்கு ஒன்றாக முட்டையை உடைத்து ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் ஊற்றுவார்கள். கரண்டி போடக் கூடாது. மூடி வைத்து ஐந்து நிமிஷம் விட்டால், குழம்பு நடுவே ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாக வெந்து நிற்கும். சட்டியோடு கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அன்றைக்கு இரண்டு உலை வைக்க வழியே இல்லை.

"இந்த வருஷம் குழம்பு அவதான் வைப்பா" என்று அண்ணன் சனிக்கிழமை சொன்னார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் குழம்பு அடுப்பில் தளதளத்துக்கொண்டிருந்தது. தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று அண்ணி குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் புதுப் பாவாடை தாவணியில் கோயிலுக்குத் தயாராகி அடுப்படியில் நின்றேன். குழம்பின் வாசனை அம்மாவின் குழம்பு மாதிரி இல்லை. புதுக்கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அந்தச் சட்டிக்கு எத்தனை உப்புப் போடுவார் என்று எனக்குத்தான் தெரியும், கோலியனூர்க்காரிக்கு எப்படித் தெரியும்? ஜாடியைத் திறந்து, கொட்டாங்கச்சி அகப்பையால் குவித்து இரண்டு போட்டேன். கலக்கினேன். ருசி பார்க்க முடியாது, நன்மை வாங்க வேண்டும். ஜாடியை எப்போதும்போல் மூடி வைத்துவிட்டுப் போய்விட்டேன். குழாயடியில் அண்ணியைக் கடந்துதான் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழம்பு நன்றாக வந்தால் அது என் உப்பால்தான் என்று மனதுக்குள் ஒரு திமிர்.

பூசை முடிந்து திரும்பியபோது அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். மறுபடி குளித்து ஈரத் தலையோடு இருந்தார். என்னை உள்ளே இழுத்துப்போய் ஒரு கரண்டிக் குழம்பை நீட்டினார்.

"பாப்பா, நீ கொஞ்சம் உப்பு பாரேன்."

நான் கரண்டியை வாங்கக்கூட இல்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தாவணியைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன். நான் போட்ட உப்பை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

அப்பா வந்து உட்கார்ந்தார். அதுவே எங்களுக்கு நம்ப முடியவில்லை. அண்ணி சட்டியைக் கொண்டுவந்து வைத்தார், மூன்று முட்டைகள் அழகாக நின்றன. தனக்கென்று அவர் உடைக்கவில்லை என்பதை அப்போது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அப்பா ஆப்பத்தைப் பிய்த்து, முட்டையோடு குழம்பைத் தொட்டு வாயில் வைத்தார். மெல்லுவது நின்றது. அண்ணன் தன் வாயில் வைத்த வேகத்தில் தட்டைத் தள்ளினார்.

"உப்பு பார்த்தியா இல்லியாடி?"

"பார்க்கலைங்க."

"ஏன்?"

அண்ணி சுவரோரமாக நின்றிருந்தார். "எங்க ஊர்ல அம்மனுக்குக் காப்பு கட்டியிருக்கு. நானும் விரதம் இருக்கேன். கவிச்சி வாயில வைக்கக் கூடாது."

அண்ணனுக்கே அது தெரிந்திருக்கவில்லை. நான் தட்டைப் பார்த்துக் குனிந்தேன். என்னிடம் கரண்டியை நீட்டியதை அண்ணி சொல்வார், சொன்னால் அப்பா என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"கை தவறிடுச்சு மாமா. ரெண்டு வாட்டி போட்டுட்டேன் போலக்குது" என்றார்.

அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். ஏழு மாதத்தில் முதல் முறையாக அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். "எத்தினி நாளா ஒருசந்தி?"

"இன்னியோட எட்டு நாள் மாமா."

"எட்டு நாளா விரதம் இருந்துக்கினு எங்களுக்கு முட்டை உடைச்சியா?"

"நீங்க நாப்பது நாள் இருந்தீங்களே மாமா."

"உனக்கு என்னா சாப்பாடு?"

"தயிர் சோறுங்க."

"அத்த கொண்டா."

அண்ணி தன் சோற்றைக் கிண்ணத்தோடு கொண்டுவந்தார். அப்பா அதில் பாதியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, அந்த முட்டையைத் தொட்டுக்கொண்டு நாற்பது நாள் பசியோடு சாப்பிட்டார். அண்ணன் எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவினார், அழுதிருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை யாரும் மூட்டை கட்டவில்லை. என் சின்னப் பானை பரண்மேல் போயிற்று.

நல்லபடியாக முடிந்த கதைதானே என்று யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அதோடு முடியவில்லை. அப்பா அண்ணிக்கு "மரக்காணம்" என்று பெயர் வைத்துவிட்டார். உப்பளம் அங்கேதானே இருக்கிறது. அவர் பிரியமாகத்தான் கூப்பிட்டார். "மரக்காணம், காப்பி கொண்டா", "மரக்காணம், பேரன் எங்க?" சொந்தக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த அன்றும் ஒரு பெரியம்மா அதைச் சொல்லிச் சிரித்துப் பிறகு அழுதார். அண்ணி ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. நான் எனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். நான் ஒரு தரம் போட்டேன், அண்ணி ஒரு தரம் போட்டிருக்கிறார், அவரே வாயால் சொன்னாரே. தப்பு ஆளுக்குப் பாதி. பாதித் தப்பை இத்தனை வருஷம் கழித்துக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவுக்குப் பிறகு அண்ணனும் அண்ணியும் விழுப்புரத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். நான் திண்டிவனத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். இந்த வருஷம் ஈஸ்டருக்குக் காலைப் பூசை முடித்து, பஸ் ஏறி விழுப்புரம் போனேன். முதல் நாளே அண்ணி போன் செய்திருந்தார். "பாப்பா, ஊர்ல காப்பு கட்டிட்டாங்க. மறுபடியும் ரெண்டும் ஒண்ணா வந்துக்கினு இருக்குது. நீ வந்தாத்தான் உப்பு பார்க்க ஆளு."

போய்ச் சேர்ந்தபோது அதே அகலச் சட்டியில் குழம்பு காத்திருந்தது. கேஸ் அடுப்பு, டைல்ஸ் போட்ட மேடை, ஆனால் அலமாரியில் அதே ஜாடி. கூடத்திலிருந்து அண்ணன் பேப்பரை மடிக்காமலே குரல் கொடுத்தார். "மரக்காணம், இன்னும் எவ்ளோ நேரம்? பசிக்குது."

அண்ணியின் தலை இப்போது முக்கால்வாசி நரைத்துவிட்டது. அந்த நரைத்த தலையைப் பார்த்து அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்கு உடம்பே கூசியது. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "அண்ணி, அன்னிக்குக் குழம்புல நானும் உப்பு போட்டேன். நீங்க தண்ணிக்குப் போனப்ப. உங்ககிட்ட சொல்லவே இல்ல."

அண்ணி முட்டைகளைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "நானும்னு எதுக்குச் சொல்ற? நான் எங்க போட்டேன்?"

எனக்குப் புரியவில்லை.

"மசாலாவுல சென்னாக்குன்னி அரைச்சு ஊத்தியிருந்தேன். பொம்மையார்பாளையத்துல இருந்து கூடையில கருவாடு கொண்டாருமே ஒரு அம்மா, அதுகிட்ட வாங்கினது. அந்தப் பொடி எறாவுலயே உப்பு இருக்குது. போதலைன்னா நீ வந்து பார்த்துச் சொன்னதும் போடலாம்னு இருந்தேன். அந்த ஜாடிய நான் அன்னிக்குத் தொடவே இல்ல."

"அப்ப ரெண்டு வாட்டி போட்டேன்னு அப்பாகிட்ட..."

"மாமா வாய்ல வச்சுட்டு நிறுத்தினாரு பாரு, அப்பவே உள்ள திரும்பி ஜாடியப் பார்த்தேன். மூடியோட உடைஞ்ச பக்கம் செவுத்தப் பார்த்துக்கினு இருந்துச்சு. அந்த வூட்ல அப்டி வைக்கிறது நீ ஒருத்திதான். நான் எப்பவும் எப்டியோ கவுத்துட்டுப் போயிடுவேன்."

ஆளுக்குப் பாதி என்று இத்தனை வருஷம் நான் பிரித்து வைத்திருந்த தப்பு முழுசும் என்னுடையது. அவர் அந்தப் பெயரோடு எங்கள் வீட்டில் வாழ்ந்து, பிள்ளை பெற்று, என் அப்பாவுக்குக் கடைசிக் கஞ்சி ஊற்றியிருக்கிறார். "ஏன் அண்ணி சொல்லல?" என்று கேட்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சொல்லியிருந்தா மாமா உன் பானையிலயும் சாப்பிட்டிருக்க மாட்டாரு, என் பானையிலயும் சாப்பிட்டிருக்க மாட்டாரு. பட்டினிதான் கெடந்திருப்பாரு. கண்ணத் தொடச்சிக்கோ, ஈஸ்டர் அதுவுமா."

அவர் அலமாரியிலிருந்து ஜாடியை எடுத்து என் முன்னால் வைத்தார். மூடியின் உடைந்த பக்கம் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. எத்தனை வருஷமாக அவர் அப்படி வைக்கிறார் என்று நான் கவனித்ததே இல்லை. ஒரு கரண்டிக் குழம்பை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் போடல. இன்னிக்காச்சும் வாயில வச்சுப் பார்த்துட்டுப் போடு."

நான் கரண்டியை வாங்கினேன்.