பிரிக்காத பெட்டிக்குள் ஓர் அகராதி

சுகந்தி சோதனையில் தவறிய செய்தி வந்த அன்று, சனசமூக நிலையத் தலைவரை நான் ஏசிய ஏச்சு கிளிநொச்சிச் சந்தை வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

நான் அந்த நிலையத்தில் ஜேர்மன் மொழி படிப்பிக்கிறவள். என்னிடம் வரும் பெண்களில் பலருக்குக் கணவன் ஜேர்மனியில். ஏ1 என்ற அடிப்படை ஜேர்மன் சோதனை பாஸ் பண்ணினால்தான் விசா அலுவல் நகரும். அக்கராயன் ஊர்ச் சுகந்தியும் அப்படித்தான். அவளுடைய மகன் தகப்பனைப் போனில் மட்டுமே கண்டவன். பேச்சு அவளுக்கு வந்துவிட்டது, வாசிப்பில்தான் சொற்கள் காலை வாரின.

போனில் அகராதி பார்க்கச் சொன்னால் அவள் வீட்டில் சிக்னல் இல்லை. அதனால் லண்டனில் இருக்கும் ஊரவர் ஒருவர் உதவ முன்வந்தபோது, கறுப்பு வெள்ளைத் திரையில் புத்தகம் வாசிக்கிற ஈ-ரீடர் கேட்டேன். தலைவருக்குக் கலர் டாப்லெட்டில்தான் ஆசை.

"கறுப்பு வெள்ளையில என்ன கிடக்கு ரீச்சர்? போட்டோவில எடுபடாது."

"அது போட்டோவுக்கில்லை அண்ணை, வாசிக்கிறதுக்கு."

சிலவற்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றது. இன்னொன்றில் ஆங்கில அகராதியைத் தவிர வேறு எதுவும் ஏறாது. நான் தெரிவு செய்ததில் ஜேர்மன்-தமிழ் அகராதியை ஏற்றலாம். தெரியாத சொல்லை விரலால் அழுத்திப் பிடித்தால் இன்ரநெற் இல்லாமலே கருத்து வரும். வயல் வெயிலிலும் வாசிக்கலாம். சண்டை பிடித்து அதையே வாங்கவைத்தேன்.

பெட்டிகள் வந்தன. நேரே அலுமாரிக்குள் பூட்டிவிட்டார் தலைவர்.

"லண்டன் அண்ணை வந்து தன்ரை கையால குடுக்கவேணும். முதலே பிரிச்சால் அவருக்கு மரியாதையே?"

"சுகந்திக்கு வாற மாதம் சோதினை. அவர் எப்ப வாறார்?"

"கோயில் திருவிழாவுக்கு. கொஞ்சம் பொறுங்கோவன்."

இது எங்கள் வியாதி. சைக்கிள் தந்தாலும் தண்ணீர்த் தாங்கி தந்தாலும், கையளிப்பு விழா முடியும்வரை பொலித்தீனைக் கழற்ற மாட்டோம். லண்டன்காரரின் இலக்கத்தைக் கேட்டேன். அவரைக் கரைச்சல்படுத்தக் கூடாதாம், தரவில்லை.

சுகந்தி கொழும்புக்குப் போய் எழுதினாள். வாசிப்பில் விழுந்தாள்.

திருவிழா வந்தது, கையளிப்பு விழாவும் வந்தது. மாலை போட்ட லண்டன்காரர் முதலில் சுகந்தியிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஆசையாகக் கேட்டார்.

"சோதினைக்கு இது உதவிச்சுதோ தங்கச்சி?"

"இந்தப் பெட்டியை இண்டைக்குத்தான் அண்ணை காணுறன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. தலைவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வரும்வரைக்கும் பிரிக்கவேண்டாம் எண்டு ஆர் சொன்னது? நான் சொல்லேல்லையே!"

தலைவர் போட்டோக்காரரைப் பார்த்தார். யாருமே கேட்காத மரியாதைக்காக ஒரு பிள்ளையைத் தகப்பனிடமிருந்து இன்னும் தள்ளி வைத்துவிட்டார்கள்.

புதிதாகப் படிப்பிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுத்து உடையாததாக, உங்கள் மொழி அகராதி ஏறுவதாகப் பார்த்து வாங்குங்கள். வந்த அன்றே பெட்டியைக் கிழியுங்கள். ஏச்சைப் பிறகு ஆறுதலாக வாங்கிக்கொள்ளலாம்.