என் தாடைக்கு வந்த ரோபோ கை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜார்ஜ்டவுனில் ஒரு பல் கிளினிக்கில் நடந்தது இது. நான் பாயான் பாரு பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் டெக்னீஷியன். கேண்டீனில் எல்லாரையும் சிரிக்க வைப்பது கூடுதல் பொறுப்பு. அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் தினமும் வேலைக்குக் கிளம்ப எனக்கு இருந்த காரணமே அதுதான்.

எனக்கு இனிப்பு நீர். சர்க்கரை ஏற ஏற ஈறு கெட்டு, கீழ்ப்பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன; சிலதுதான் மிஞ்சின. பல்செட் வைத்தேன். நான் ஒன்று பேசினால் அது ஒன்று பேசியது. ஜோக் சொன்னால், "என்னண்ணே சொன்னீங்க?" என்பார்கள். இரண்டாம் தடவை சொல்கிற ஜோக்குக்கு உயிர் கிடையாது. போகப் போக, திருப்பிக் கேட்காமலேயே மரியாதைக்குச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போதுதான், தாடை எலும்பில் திருகு இறக்கி நிரந்தரமாகப் பல் கட்டும் டாக்டரிடம் மனைவி கூட்டிப்போனாள். கம்ப்யூட்டர் வழி காட்டுமாம், ரோபோ கை பிடித்துக்கொள்ளுமாம். பகலெல்லாம் ரோபோ கைகளுக்கு ரிப்பேர் பார்க்கிறவன் வாய்க்குள்ளேயே ஒன்று வரப்போகிறது!

"மிச்சமிருக்கிற பல்லுல ஒரு க்ளிப் மாட்டுவோம் அங்கிள். அத வச்சுத்தான் உங்க தாடை எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். அந்தப் பல்லு ஏதாச்சும் ஆடுதா?" என்று கேட்டார் அந்த இளம் டாக்டர்.

"ஆடுனா இந்நேரம் என் வீட்டுக்காரி கழட்டிக் கையில குடுத்திருப்பா டாக்டர்!"

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். "ஐயோ, மானத்த வாங்காதீங்க லா!" என்று என் தோளில் அடித்துவிட்டு மனைவியும் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு, சொன்ன மாத்திரத்தில் விழுந்த சிரிப்பு. டாக்டர் பற்களைத் தட்டிப் பார்த்தார்; அசையவில்லை. மெல்லும்போது மட்டும் லேசாக அசைவது எனக்குத்தான் தெரியும். சிரிப்பின் சுகத்தில் அந்தக் கேள்வியே எனக்கு மறந்துபோனது.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரையைக் குறைக்கவே சில மாதங்கள் ஓடின. ஒருவழியாகக் குறைத்து, ஆபரேஷன் நாற்காலியில் படுத்தேன். ஊசி போட்டதில் தாடை மரத்துவிட்டது. க்ளிப் மாட்டினார்கள். துளை போடுவதற்கு முன்னால், கருவியின் முனையை டாக்டர் என் பல்லொன்றின் மேல் வைத்துப் பார்த்தார். திரையிலும் அது பல்லின் மேல் தெரிய வேண்டும். தெரியவில்லை. பல்லை விட்டு விலகி அந்தரத்தில் நின்றது.

மெஷின் கோளாறு என்று நினைத்தேன். எங்கள் ஃபேக்டரி லைனில் என்றால் ரீசெட் செய்துவிட்டு வேலையைத் தொடர்வோம். டாக்டர் மறுபடி வைத்தார். மறுபடியும் விலகியது. க்ளிப்பை அசைத்துப் பார்த்தார். அது கெட்டியாகத்தான் இருந்தது. அது பிடித்திருந்த பற்கள்தான் ஆடின.

ரோபோ கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "முன்னாடியே ஆடுச்சா அங்கிள்?" என்றார்.

மரத்த வாயோடு, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுபடி ஸ்கேன் எடுத்துத் திரையைக் காட்டினார். "எலும்பு ரொம்பக் கரைஞ்சிடுச்சு. இதுல திருகு நிக்காது. அப்பவே தெரிஞ்சிருந்தா ஈறுக்கு மொதல்ல வைத்தியம் பாத்திருக்கலாம். இனிமே எலும்பு வச்சுப் பாக்கணும்னாலும், உங்க சர்க்கரைக்கு என்னால உறுதி சொல்ல முடியாது அங்கிள்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும்போது மனைவிதான் காரை ஓட்டினாள். வழக்கமாக டத்தோ கிராமாட் ரோடு வருவதற்குள் என்னை நாலு பிடி பிடித்திருப்பாள். அன்றைக்கு ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏங்க சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

மிச்சமிருந்த பற்களும் போய்விட்டன. இப்போது கேண்டீனில் வேறு யாரோ ஜோக் சொல்கிறார்கள். நான் சிரிக்கிறேன், சில நேரம் மரியாதைக்கு. போன மாதம் சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், "கால் மரத்துப் போகுதா அண்ணே?" என்று நர்ஸ் கேட்டாள். நாக்கு நுனிவரைக்கும் ஒரு ஜோக் வந்தது. விழுங்கிவிட்டு, "ஆமாம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள். உண்மையைச் சொன்ன பிறகு வருகிற அந்த அமைதிக்கு நான் இன்னும் பழகவில்லை, ஆனால் எனக்கு மிச்சமிருப்பது அதுதான்.