எட்டு மணிப் பந்தி

‘சமம்’ என்ற சொல்லை யாராவது மேடையில் நீட்டி முழக்கினால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்ட சொல் இல்லைதான். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் எழுபதுகளின் கடைசியில், ஆரணியில் ஒரு பெண்கள் விடுதியில், என்னைப் பட்டினி போட்டார்கள்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். படவேட்டுக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிற குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். கல்யாணமானாலும் காய்ச்சலானாலும் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாடு முடிந்துவிட வேண்டும். எனக்கு பி.எஸ்சி. இடம் கிடைத்தபோது அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“ராத்திரி சோறு தின்னேன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னிக்கே பெட்டியத் தூக்கிகினு வந்துடணும். அப்புறம் படிப்பு கிடிப்பு ஒண்ணும் கெடையாது.”

எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதுவும் வந்தால் உண்டு. தினமும் போய்வர முடியாது என்பதால் விடுதியில் சேர்ந்தேன். தறிக்காரர்கள் தெருவின் கோடியில், ஒரு பட்டு வியாபாரி தானமாகக் கொடுத்த கட்டடம். என் அறைச் சுவருக்கு அந்தாண்டை ஒரு வீட்டில் தறி ஓடும். காலையில் என்னை எழுப்பிவிடுவது அந்தச் சத்தம்தான்.

விடுதியில் சமணப் பெண் நான் ஒருத்தி. போன அன்றே ‘சேட்டம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜெயின் என்றால் அடகுக்கடை சேட்டு, அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது. “ராஜஸ்தான்ல உங்க ஊரு எங்கடீ?” என்பார்கள். “கண்ணமங்கலத்துக்கு அந்தாண்ட” என்பேன். நம்ப மாட்டார்கள். “தமிழ் நல்லா பேசுதுடீ இது” என்று என் எதிரிலேயே ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். என் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் இந்த மண்ணில் ஏர் ஓட்டியவர்கள். எனக்கு இவள் தமிழுக்கு மார்க் போடுகிறாள்!

வகுப்பில் இன்னும் மோசம். சமணர்களைக் கழுவில் ஏற்றிய கதையைத் தமிழ் வாத்தியார் ரசித்து ரசித்து நடத்துவார். பின்பெஞ்சிலிருந்து பென்சிலால் என் முதுகில் குத்துவார்கள். திரும்பி முறைத்தால் வகுப்பே சிரிக்கும், வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பார். அந்த ஆளை மன்னிக்க எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.

வார்டன் அம்மாள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்படி இல்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, சொந்தக்காரர்கள் வாசலை மிதிக்காமல் வாழ்ந்தவர். முன்பெல்லாம் அந்த விடுதியில் எந்தச் சாதிக்கு எந்த மூலை என்று பிரித்து உட்கார வைத்தார்களாம். அதை உடைத்தது அவர்தான். எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே மணி. ராத்திரி எட்டு. சாமி இல்லை என்று சொல்கிற அந்த அம்மாளுக்கு எட்டு மணிதான் சாமி.

சேர்ந்த வாரமே போய்க் கேட்டேன். “மேடம், எனக்கு மட்டும் அஞ்சரைக்குக் குடுத்துட முடியுங்களா? மத்தியானச் சோறு மீந்தது இருந்தாக்கூடப் போதும்.”

“உனக்கு அஞ்சரை. நாளைக்கு இன்னொருத்தி வந்து எனக்குத் தனித் தட்டு, தனி மூலைன்னு கேப்பா. அதையெல்லாம் ஒழிக்கத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன். இங்க எல்லாரும் சமம்.”

“யாரோடயும் உக்கார மாட்டேன்னு நான் சொல்லலீங்களே. இருட்டறதுக்கு முன்னாடி குடுங்கன்னுதான் கேக்கறேன்.”

“எல்லாம் ஒரே மூடநம்பிக்கைதான். போ.”

சோற்றை அறைக்கு எடுத்துப் போகவும் கூடாது. ஆக, ஒரு வருஷம் முழுக்க ராச்சாப்பாட்டுக்குப் பதிலாக ஊரிலிருந்து கொண்டுவந்த பொரியும் வேர்க்கடலையும்தான். சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து கொறித்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் முடிந்தது. கெமிஸ்ட்ரி லேபில் ஒரு நாள் மயங்கி விழுந்தேன். என்னம்மா என்று கேட்க நாதியில்லை. “சேட்டம்மாவுக்கு மசக்கைடீ” என்று சிரித்தார்கள். சண்டாளிகள்!

இரண்டாம் வருஷம் ஒருத்தி வந்து சேர்ந்தாள். ஆற்காட்டுப் பக்கம், அப்பா சைக்கிள் கடை. விடுதிக்கே ஒரே முஸ்லிம் பெண். நாங்கள் இரண்டு பேரும் பார்த்ததுமே கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்து, “நீ சேட்டா? உங்க ஆளுங்க கடையிலதான் எங்கம்மா கம்மல் கெடக்குது” என்றாள். எனக்கு வந்ததே கோபம்! “நான் சேட்டும் கெடையாது, உங்கம்மா கம்மலை நான் பாத்ததும் கெடையாது. போடீ” என்றேன். அதற்கப்புறம் ரம்ஜான் நோன்பு வரும்வரை பேச்சே இல்லை.

நோன்பு தொடங்கியது. அவளால் பகலில் சாப்பிட முடியாது. விடிவதற்கு முன் ஏதாவது சாப்பிட்டால்தான் பகலைத் தள்ள முடியும். வார்டனிடம் கேட்கப் போனாள். அதே சமம், அதே மூடநம்பிக்கை, அதே போ. வெளியே வந்தவளின் முகம் சிவந்திருந்தது. படிக்கட்டில் பொரி தின்றுகொண்டிருந்த என் எதிரில் வந்து நின்றாள்.

“ஏய் சேட்டு. உனக்கு ராத்திரி சோறு வேணாம். எனக்கு மத்தியானச் சோறு வேணாம். ரெண்டு பேரும் எதுக்குடீ பேஜார் படணும்? மாத்திக்கலாமா?”

எனக்கு ஒரு வருஷமாகத் தோன்றாத யோசனை! மறுநாளிலிருந்து அவளுடைய மத்தியானச் சோறு டிபன் பாக்ஸில் ஏறி, தாவணிக்குள் ஒளிந்து, என் அறைக்கு வந்தது. ஐந்து மணிக்கு நான் சாப்பிட்டேன். ராத்திரி என் பங்கையும் அவள் அதே பாக்ஸில் வாங்கி வைத்துக்கொண்டு விடிவதற்கு முன் சாப்பிட்டாள். பரிமாறுகிற அம்மா கண்டும் காணாமல் இருந்துவிட்டாள். விடுதிக்கு வந்து முதல் தடவையாக வயிறு நிறைந்தது. வயிறு நிறைந்தால் பேச்சும் வருகிறது. விடுதியே எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. நாங்களும் பதிலுக்குச் சுளித்துவிட்டுச் சிரித்துக்கொண்டோம்.

யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். வார்டன் என் அறைக்குள் வந்து பாக்ஸைத் திறந்து பார்த்தார். திருட்டு என்றார். அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“வெள்ளிக்கிழமை ராத்திரி சமபந்தி. கட்டடம் குடுத்த ஐயாவே வந்து எல்லாரோடயும் உக்காரப் போறார். நீயும் உக்காந்து சாப்பிடணும். நான் வந்து பாக்கும்போது உன் இலை காலியா இருக்கணும். இல்லேன்னா சனிக்கிழமை ரூமைக் காலி பண்ணிடு.”

சாப்பிட்டால் அப்பா கூட்டிப் போய்விடுவார். சாப்பிடாவிட்டால் வார்டன் துரத்திவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் படிப்பு போச்சு. நியாயம் கேட்க ஒரு நாய் இல்லை.

வெள்ளிக்கிழமை வாழை இலை போட்டு வரிசையாக உட்கார வைத்தார்கள். பட்டு வியாபாரி வரிசையின் தலைப்பில் உட்கார்ந்தார். அவள் என் பக்கத்தில். சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் விழுந்தன. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் சிரிப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பகலெல்லாம் பட்டினி கிடந்தவள், தன் இலையை நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வழித்துவிட்டாள். வார்டன் வரிசையின் அந்தக் கோடியில் இருந்தார். இவள் சட்டென்று தன் காலி இலையை என் பக்கம் தள்ளி, என் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஐயோ, வேணாம்டீ.”

“வாய மூடு. ஜல்தி கையில கொஞ்சம் சாம்பார் தடவிக்கோ.”

இரண்டாம் இலையை மூச்சு வாங்க வாங்கத் தின்றாள். வார்டன் வந்து என் இலையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டு வியாபாரியைக் கூப்பிட்டு, “ஐயா, இந்தச் சமணப் பொண்ணு இன்னிக்குத்தான் எங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்கா” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். இவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

படிப்பு தப்பியது என்றுதான் நினைத்தோம். அடுத்த வாரம் அப்பா நெல் போட ஆரணி மண்டிக்கு வந்திருக்கிறார். பட்டு வியாபாரி அங்கே அவரைப் பார்த்து, ஊர் பேர் விசாரித்ததில் என் அப்பா என்று தெரிந்துகொண்டு, பெரிய மனசோடு, “உங்க பொண்ணு ராத்திரி எங்களோட உக்காந்து வடை பாயசத்தோட சாப்பிட்டாங்க. காலம் மாறிகினு வருதுங்க” என்று பாராட்டியிருக்கிறார். அப்பா மண்டியிலிருந்து நேராக விடுதிக்கு வந்தார்.

“பெட்டிய எடு.”

“அப்பா, நான் சாப்பிடலப்பா. பக்கத்துல இருந்தவ...”

“ஊரே கை தட்டிச்சாமே. வாயத் தொறக்காத.”

அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். இலை மாறின கதையை யார் நம்புவார்கள்? அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மாமா வீட்டுக்கு ஆள் அனுப்பி மாப்பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் வார்டனைத் திட்டினேன், வியாபாரியைத் திட்டினேன், அப்பாவைக்கூட மனசுக்குள் திட்டினேன்.

சனிக்கிழமை சாயங்கால பஸ் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் யாரோ நின்றார்கள். பார்த்தால் அவள்! முக்காடு முழுக்கப் புழுதி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அப்பாவிடம் போனாள்.

“ஐயா, உங்க பொண்ணோட சோத்தைத் தின்னது நானுங்க. ரெண்டு இலையும் நான்தான் தின்னேன். அன்னிக்கு ராத்திரியெல்லாம் வயித்து வலி.”

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். “இவளுக்காகப் பொய் சொல்ல வந்தியாம்மா?”

“நோன்பு வாயோட பொய் சொல்ல மாட்டேங்க.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: “காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலியா?”

“பொழுது சாஞ்சாத்தாங்க.”

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் சாப்பிட்டு முடித்து அடுப்பைக் கழுவி வைத்தாகிவிட்டது. திரும்பிப் போக அவளுக்குப் பஸ்ஸும் கிடையாது. அப்பா உள்பக்கம் பார்த்து, “அடுப்ப மூட்டு” என்றார்.

“இந்நேரத்துலயா?” என்றாள் அம்மா.

“மூட்டுன்றேன்ல.”

பூச்சி பொட்டு நெருப்பில் விழுந்து சாகும் என்றுதான் எங்களவர்கள் இருட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. நான் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு நெருப்பைப் பார்த்ததில்லை. அம்மா உலை வைத்தாள். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து, அடுப்புக்கும் விளக்குக்கும் நடுவில் நின்றுகொண்டு, வருகிற பூச்சிகளை எல்லாம் மெதுவாக விசிறித் துரத்திக்கொண்டே இருந்தார். அவள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, சுடச்சுட ரசம் சோறு சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை அப்பா நகரவில்லை.

“திங்கக்கெழமை போறப்ப இவளையும் இட்டுகினு போம்மா” என்றார் அவளிடம், துண்டை வீசிக்கொண்டே.