இன்னிக்கு என் பாடு இல்ல சார்

"உள்ளேன் ஐயா"வை எண்றதுக்குத்தான் நமக்குச் சம்பளம். பாடம் நடத்தறதெல்லாம் மிச்ச நேரத்துல. அட்டென்டன்ஸ் எடுத்துப் பாத்த வாத்தியாருங்களுக்கு நான் இன்னா சொல்றேன்னு புரியும். நான் இருக்கறது பழவேற்காடு பக்கம் ஒரு ஹைஸ்கூலு. பத்தாங்கிளாசுக்கு கிளாஸ் டீச்சர். பாதிப் புள்ளைங்க ஏரியத் தாண்டி பசியாவரத்துலேர்ந்து படகுல வரும்.

தாமதத்துக்குக் காரணம்

எங்க எச்.எம். மேடம் ஒரு சட்டம் போட்டாங்க. ஒம்பதேகாலுக்கு கேட்டு சாத்திடணும். அப்புறம் வர்றவங்க ஒரு நோட்டுல காரணம் எழுதிட்டுத்தான் உள்ள வரணும். படகுல வர்ற புள்ளைங்க வரிசையா "காத்து", "மேற்படி", "மேற்படி"ன்னு எழுதி வெச்சாங்க. மேடத்துக்குக் கோவம். "முழு வாக்கியமா எழுதணும்"னுட்டாங்க.

மறுநாள் தேவின்னு என் கிளாஸ் பொண்ணு, முட்டி வரைக்கும் சேத்தோட வந்து நின்னுது. நிதானமா அரைப் பக்கம் எழுதுச்சு. ஏரியில தண்ணி வத்திப் படகு தரை தட்டுனது, எல்லாரும் எறங்கித் தள்ளுனது, ஒத்தச் செருப்பு சேத்துல போனது, எல்லாம். எழுதி முடிக்கறதுக்குள்ள ரெண்டாவது பீரியடு பெல்லே அடிச்சிடுச்சு. மேடம் மொறச்சாங்க. தேவி பேனாவ மூடிக்கினே சொல்லுச்சு: "நான் அப்பவே வந்துட்டேன் மிஸ், உங்க நோட்டுதான் லேட் பண்ணிடுச்சு."

ரெண்டு கொரலு

நமக்கு சின்ன வயசுலேர்ந்தே ஒரு வியாதி உண்டு. யாரு பேசுனாலும் அப்பிடியே பேசிக் காட்டணும். அதனால கொரல்ல என்னை ஏமாத்த முடியாது. ஒரு நாள் பதினேழாம் நம்பர் தேவின்னு கூப்ட்டேன். "உள்ளேன் ஐயா" வந்துச்சு. கொரல் சுத்தமா தேவி கொரல்தான். ஆனா டைமிங் இடிச்சுது. படகுத் துறையிலேர்ந்து ஓடியார்ற பொண்ணு, "உள்ளேன்"னு சொல்லி ஒரு மூச்சு வாங்கிட்டுதான் "ஐயா"ன்னும். இதுல மூச்சு இல்ல. பக்கத்து சீட்டு மஞ்சுளா வேல!

நான் தலை நிமிராம, மேடம் கொரல்ல, "மஞ்சுளா, கெட் அப்!"னேன். மொத்த கிளாஸும் நடுங்கி எழுந்து நின்னுச்சு. எனக்கு ஒரே பெருமை. அப்பதான் வாசல்ல இருந்து அதே கொரல் கேட்டுச்சு: "ஏன் சார், நான் பேசுனா இவ்ளோ கேவலமாவா இருக்குது?"

கேள்விக்கும் முறை உண்டு

எங்க கிளாஸ்ல ஒரு அதிசயம். தெனம் யாராவது ஒரே ஒரு ஆளு மட்டும் பாடத்த தண்ணியா கொட்டும். மத்ததெல்லாம் பேந்தப் பேந்த முழிக்கும். இந்த ஏரியில எந்த எடத்துல, எந்த நாளு, யாரு வலை போடணும்னு ஊர்ல சீட்டு எடுத்து முறை வெச்சிருக்காங்க. அதுக்குப் பேரு பாடு. ஒருத்தன் பாட்டுல இன்னொருத்தன் வலை எறக்கமாட்டான். அதே மாரி இதுங்க படிக்கறதுக்கும் பாடு போட்டு வெச்சிருக்குதுங்கன்னு எனக்கு அரைப் பரீட்சை வரைக்கும் தெரியாது.

ஒரு நாள் மஞ்சுளாவ எழுப்பிக் கேள்வி கேட்டேன். கொஞ்சங்கூட பயப்படாம பதில் வந்துச்சு: "இன்னிக்கு என் பாடு இல்ல சார், தேவி பாடு, அது லீவு, நீங்க நாளைக்கு வந்து கேளுங்க."

போன்ல வந்த மேடம்

அன்னிக்குத்தான் ரிஜிஸ்டர பொரட்டுனேன். தேவி லீவெல்லாம் அளந்து வெச்ச மாரி, இருவது நாளுக்கு ஒருக்கா ரெண்டு மூணு நாளு. அவங்க நைனாவுக்கு ஏரியில நெஜப் பாடு வர்ற நாளுங்க. வலையில மாட்டுன எறாவ அம்மாவோட ஒக்காந்து பிரிக்கணும்னு பொண்ண நிறுத்திடறாரு. படகு வராத நாளும் சேத்து, இன்னும் நாலு நாள் போச்சுன்னா அட்டென்டன்ஸ் பத்தாம பப்ளிக் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கெடையாது. அப்புறம் மூணு லெட்டர் குடுத்து வுட்டும் ஆளு வரல.

மேடம் பேசுனா பயப்படுவாருன்னு நானே அவங்க கொரல்ல போன் போட்டேன். "வியாழக்கெழம வந்து, பொண்ண இனிமே நிறுத்தமாட்டேன்னு கையெழுத்துப் போடலேன்னா உங்க பொண்ணு பரீட்ச எழுதாது!" அந்தப் பக்கம் சிரிப்பு: "சார், நீங்க மேடம் மாரி பேசறத எம்பொண்ணு தெனம் ஊட்ல பேசிக் காட்டுது, அது உங்களவிட நல்லா பேசுது."

வியாழக்கெழம

சிரிச்ச மனுஷன் வருவாரான்னு எனக்கு ஒதறல். ஏன்னா அன்னிக்கு அவரு பாடு. பத்து மணிக்கு வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்து நிக்கறாரு! மேடமே எழுந்துட்டாங்க. "பாட்ட வுட்டுட்டா வந்தீங்க?"

"இன்னிக்கு வேற ஆளுக்கு வுட்டுக் குடுத்துட்டேன், இருவது நாளுல திருப்பி வந்துடும் டீச்சரம்மா. புள்ளைக்கு இந்த வருசம் போனா போனதுதானே. இனிமே எறா பிரிக்க என் தங்கச்சிய வரச் சொல்லிக்கறேன்." கையெழுத்துப் போட்டாரு. மேடம் ஒழுக்கத்தப் பத்தி இன்னும் நாலு வார்த்த சொல்லப் போனாங்க. இவரு கண்ணு ஜன்னல் வழியா ஏரிப் பக்கமே இருக்குது: "சீக்கிரம் வுடும்மா, என் எடத்துல அவனுக்கு எவ்ளோ மாட்டுச்சோ, வயிறு எரியுது!"

அப்புறம் தேவி ஒரு நாளும் லீவு போடல, ஹால் டிக்கெட் கைக்கு வந்துடுச்சு. கிளாஸ்ல மட்டும் நான் சட்டத்த மாத்திட்டேன்: பெல் அடிச்சப்புறம்தான் ஒரு டப்பாவுலேர்ந்து சீட்டு எடுக்கறது, யாரு பேரு வருதோ அவங்க பாடு. அந்த டப்பாவுல தேவி என் பேரையும் எழுதிப் போட்டு வெச்சிருக்குது, அதனால எங்க ஸ்கூல்ல தெனம் தவறாம படிச்சிட்டு வர்ற ஒரே வாத்தியாரு இப்ப நாந்தான்.